பாட்டு நின்ற மதியம்

பூங்கொத்துக் கடையில் மதியம் முழுக்க அந்தப் பெண் தனியாள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிடைத்த முதல் வேலை. காம்பு நறுக்குவது, வாளிகளில் தண்ணீர் மாற்றுவது, பின்னாலிருந்த குளிர் அறையிலிருந்து பூ எடுத்து வருவது, எல்லாமே அவளுக்குக் கொள்ளை ஆசை. குரல்தான் கொஞ்சம் தகரம். ஆனாலும் ஓயாமல் பாடுவாள். வந்த ஆர்டரையே பாட்டாகக் கட்டிவிடுவாள். "மஞ்சள் ரோஜா ஒரு கட்டு, மாமியாருக்கு மன்னிப்பு" என்று அவள் ராகம் இழுத்தால், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தையற்கடை அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். 'ரேடியோ' என்று பெயர் வைத்ததும் அந்த அக்காதான்.

ஒரே குறை, குளிர் அறைக் கதவு. உட்புறக் கைப்பிடி கழன்று எங்கோ போய்விட்டது. சாத்திக்கொண்டால் வெளியிலிருந்துதான் திறக்க முடியும். அவள் ஒரு வாளியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். இதை வீட்டில் வாய்தவறி உளறிவிட்டாள்.

"இந்த வாரத்துக்குள்ள அந்தக் கைப்பிடியை மாத்தச் சொல்லு. இல்லைன்னா வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள் அம்மா. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ரேடியோ முதலாளியிடம் முறையிட்டாள். அவர் கைப்பிடியை அனுப்பவில்லை. மைத்துனரை அனுப்பினார்.

மைத்துனர் பாதுகாப்பு ஆலோசகர். அதற்கு ஆதாரமாக ஒரு கோட்டு வைத்திருந்தார். வந்ததும் 'பாதுகாப்பே நம் மூச்சு' என்ற சுவரொட்டியை ஒட்டினார். கல்லாமேசையில் ஒரு மணியை வைத்தார்.

"ஆபத்துன்னா இதை அழுத்தணும்."

"உள்ள மாட்டிக்கிட்டா சார்?"

"வெளிய வந்து அழுத்து."

பிறகு அவளுடைய போனை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டார். "தனியா வேலை பாக்கறவங்களுக்குக் கவனம் முக்கியம். போன் கூடாது. பாட்டும் கூடாது. வாசல் வரைக்கும் கேக்குதும்மா, பாவம் ஜனங்க!"

ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். கடை சட்டென்று அநாதையானது.

அடுத்து, ஊழியர் பயிற்சிக்காக ஒரு படம் பிடிக்க வேண்டும் என்றார். தன் போனை மேசைமேல் ரிப்பன் உருளையில் சாய்த்து வைத்து ஓடவிட்டார். குளிர் அறைக்குள் அவளை நிறுத்தி, "பயந்த மாதிரி நில்லு" என்றார். அறை வாசலில் நின்று கேமராவைப் பார்த்தார். "நண்பர்களே! இதோ, வழியில கிடக்கற வாளி. தடுக்கி விழறதுக்குன்னே வெச்சிருக்காங்க!" என்று காலால் அதை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தார்.

"சார், வாளியை..." என்று அவள் பாய்வதற்குள் கதவு நிதானமாக வந்து சாத்திக்கொண்டது.

ஆலோசகர் தள்ளினார். தோளால் இடித்தார். உதவி கேட்டுக் கத்தினார். தடித்த சுவர்கள் கத்தலை அப்படியே விழுங்கின.

"சத்தம் போட்டுப் பிரயோசனமில்லை சார். சும்மா இருங்க, அக்கா வருவாங்க."

"எந்த அக்கா? எப்படித் தெரியும் அவங்களுக்கு?"

"என் பாட்டு நின்னா வந்து பாக்கறதா எங்களுக்குள்ள பேச்சு. நல்லவேளை, நீங்க நிறுத்தச் சொன்னீங்க."

அவருடைய உத்தரவு ஒன்று உருப்படியாகப் பலன் தந்தது அநேகமாக அதுவே முதல் தடவை.

"அப்போ ஏன் இன்னும் வரலை?" என்றார் பல் தந்தியடிக்க.

"கைல இருக்கற சட்டைக்கு காலர் வெச்சுட்டு வருவாங்க."

அவளிடம் கம்பளி மேலாடை இருந்தது. அவருடைய கோட்டு மேடைக்குத்தான் லாயக்கு. பார்க்கச் சகிக்காமல், மூலையிலிருந்த ரோஸ் நிறக் காகிதச் சுருளை எடுத்து அவரைக் கழுத்து வரை சுற்றி, அவிழாமலிருக்க, மேலாடைப் பையிலிருந்த ரிப்பனும் கட்டினாள். பழக்கதோஷம், பூ முடிச்சாகவே விழுந்தது.

கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடா, கையில் கத்தரிக்கோலோடு அக்கா.

"என்னடீ ரேடியோ, கரண்டு போச்சா?" என்றவள் ஆலோசகரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன்டீ, இந்தப் பூங்கொத்து யாருக்கு?"

ரேடியோ சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீரே தளும்பியிருக்கும். ஆலோசகர் காகிதம் சரசரக்க மேசைக்கு ஓடி, பயிற்சிப் படத்தை நிறுத்திவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார்.

"அத்தான், கைப்பிடி... இல்லை, நாளைக்கு இல்லை... இப்பவே!"

கடை சாத்துவதற்குள் ஆள் வந்து புதுக் கைப்பிடி மாட்டினான். ஆலோசகர் கோட்டைச் சரிசெய்துகொண்டு, ஒலிவழிக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைத் தாம் வகுத்திருப்பதாக அறிவித்தார்.

"பாடலாங்கறார்" என்று விளக்கிவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினாள் அக்கா.

ரேடியோ இழுப்பறையிலிருந்து தன் போனை எடுத்து அம்மாவுக்குப் போன் போட்டாள். "இரும்மா, கேளு" என்று போனோடு குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கைப்பிடியைத் திருகினாள். கதவு திறந்தது.

"இன்னொரு தடவை" என்றாள் அம்மா.

இன்னொரு தடவையும் திறந்தது.

"சரி, நாளைக்குப் போ."

அதற்குள் பலகைத் தடுப்பு தடதடவென்று அதிர்ந்தது. "அடியே, என்ன சத்தத்தைக் காணோம்?"

ரேடியோ தொண்டையைச் செருமிக்கொண்டு புதுப் பாட்டைத் தொடங்கினாள். "ரோஸ் காகிதம் சுத்தி வந்த கோட்டு சார்..."

கோட்டு சார் வாசற்படியில் நின்றார். முறைக்கத்தான் நின்றார். பாட்டின் இரண்டாவது வரிக்கு அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது.