தொட்டதும் சொல்லணும்

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். காலமெல்லாம் ஓர் ஆபீஸ் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் வாயடித்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு மனைவியும் போய்ச் சேர்ந்தாள். மகன் வெளியூரில். போன் பண்ணுவான்; "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். மற்றபடி அந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் மட்டும்தான் சத்தம் போடும்.

இப்போது அவர் கையைப் பிடிக்கிற ஒரே ஆள் சர்க்கரை கிளினிக் நர்ஸ். ரத்தம் எடுக்குமுன் முழங்கையைத் தடவித் தடவித் தேடுவாள். "என்னய்யா, உங்க நரம்பு ஒளிஞ்சு விளையாடுது?" என்பாள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மனுஷன் பல நாள் ஓட்டிவிடுவார்.

அதற்கும் வந்தது வினை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறதென்று டாக்டர் ஒருமுறை முதுகில் தட்டிக்கொடுத்தார். "சபாஷ்! இனி ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்."

நல்ல சேதிதான். இவருக்கோ முகம் தொங்கிப்போயிற்று. அதுவரை யாரிடம் கையை நீட்டுவது? அன்று சாயங்காலத்திலிருந்தே பேக்கரிக்குப் போய் கேக் வாங்கித் தின்ன ஆரம்பித்தார். புத்தி போன போக்கைப் பாருங்கள்! சராசரி ஏறியது, மாதாமாதம் வரச் சொன்னார்கள். திட்டு வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். இந்தக் கூத்து வருஷக்கணக்கில் நடந்தது.

இன்று டாக்டர் திட்டவில்லை. "கண்ணுக்குப் பின்னாடி பொடிப்பொடி ரத்தக்குழாய்லாம் கசியுது. சிறுநீர்ல புரதம் போகுது. காலையும் பாத்துடுங்க, சிஸ்டர்."

அவள் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துச் சாக்ஸைக் கழற்றினாள். "கண்ணை மூடிக்கோங்கய்யா. இந்த நைலான் இழையால பாதத்துல அங்கங்க தொடுவேன். தொட்டதும் சொல்லணும்."

இதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு? கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. பாவம், கைவேலையாக இருப்பாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு குத்துமதிப்பாக, "இப்போ" என்றார்.

"இல்லய்யா, இப்ப தொடல."

மறுபடி காத்திருந்தார்.

"என்னம்மா, தொடவே மாட்டேங்கிறே?" என்று சிரித்தார்.

கண்ணைத் திறந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். இழை மேசைமேல் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பொத்திப் பிடித்திருந்தாள்.

"எல்லா இடத்துலயும் தொட்டுட்டேன்ய்யா."

ஒருத்தர் தொடவேண்டும் என்பதற்காகத்தானே இத்தனையும் செய்தோம் என்று அவருக்குத் தோன்றியது. "எவ்ளோ நேரமா பிடிச்சிருக்கேம்மா?"

"அப்பவே பிடிச்சிட்டேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. "இனிமே எப்பவும் மாசாமாசம் வந்தே ஆகணும், சரியா?"

அவர் தலையாட்டினார். அவள் கையை எடுத்துவிட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.