சுடாத துப்பாக்கியின் விலை

காலையில் வருகிறேன் என்றுதான் நம்பிராஜன் சொல்லியிருந்தார். காலை என்றால் எத்தனை மணி என்று கேட்டு வைத்துக்கொள்ளாதது தேவநாதனின் தப்பு. பல் விளக்கிய கையோடு நடக்க ஆரம்பித்தவன், வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டிலில் ஒரு பழைய போர்வையின்மேல் துப்பாக்கி கிடந்தது. உள்ளே வரும்போதெல்லாம் அதன்மேல் இல்லாத தூசியைத் துடைத்தான். ஒரு இடத்தில் குந்தச் சொல்லி அவன் மனைவி ஜெயம் அதட்டினாள். குந்தினான், உடனே எழுந்தான்.

தேவநாதன் ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் டூல்ரூம் ஃபிட்டர், கருவிகளைச் செப்பனிடும் வேலை. அவன் குடியிருக்கும் வடக்குப்பட்டில் அவன் கை படாத மிக்சி கிடையாது. கேட்டவர்களுக்கும் சரிசெய்து தருவான், கேட்காதவர்களுக்கும் சரிசெய்து தருவான். ஓடாத பொருள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கெட்டிக்காரத்தனம் என்று ஊர் சொல்லும். வியாதி என்று ஜெயம் சொல்வாள். ஜெயம் சொல்வதுதான் சரி.

துப்பாக்கி ஜெயத்தின் அப்பா மண்ணாங்கட்டியுடையது. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போட முடியும். சுட்டபின் அடியிலிருக்கும் லிவரை இழுத்து வாயைத் திறந்து, அடுத்ததைப் போட வேண்டும். பயிரை மேய வரும் காட்டுப் பன்றிகளை விரட்ட முறையாக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். சின்ன வயதில் ஜெயம் அப்பாவின் பின்னாலேயே வரப்பில் ஓடுவாள். ஆயுத பூஜைக்கு அதற்கு எண்ணெய் போட்டு, சந்தனம் வைத்துக் குங்குமப் பொட்டு இடுவது அவள் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

வல்லம் வடகாலில் இருந்த அவர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. அந்தப் பணத்தில் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை வீடுகள் எழும்பின. போன ஆடியில் மண்ணாங்கட்டி படுக்கையில் விழுந்தபோது, வீடுகள் மகன் மோகனுக்கு, துப்பாக்கி ஜெயத்துக்கு என்று சொன்னார். ஏன் என்று யாராவது கேட்பதற்குள் பக்கவாதம் வாயைக் கட்டிவிட்டது. அப்படியே போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று கூடத்தில் சொந்தபந்தம் நிறைந்திருக்க, மோகன் துப்பாக்கியை எடுத்து லிவரை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. விசையும் அசையவில்லை. "பாரு ஜெயம், அப்பா உனக்கு என்ஜி பீஸைக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றான். கம்பெனிகளில் தேறாத பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக எறிவார்களே, அதற்குத்தான் என்ஜி என்று பெயர். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் கம்பெனிக்குப் போகிறவர்கள். அத்தனை பேருக்கும் புரிந்தது, அத்தனை பேரும் சிரித்தார்கள். மோகன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஜெயம் அன்றோடு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வாடகை வீடுகளில் பங்கு கிடைக்கவில்லையே என்று குமைகிறாள் என்று தேவநாதன் முதலில் நினைத்தான். அதைக் கேட்டும் வைத்தான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். "எனக்கு வூடு கீடு எதுவும் வாணாம். எங்கப்பா என்னை இன்னான்னு நெனச்சிக்கினு இத குடுத்தாரு? அது தெரிஞ்சா போதும்" என்றாள். மதிப்பான பொருளைத்தான் கொடுத்தார் என்று யாராவது தெரிந்தவர்கள் வாயால் ஒரு விலை சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அப்பாவின் போனைத் துழாவியபோது 'துப்பாக்கி நம்பிராஜன்' என்று ஒரு எண் கிடைத்தது. சென்னையில் லைசென்ஸோடு ஆயுதக் கடை நடத்துகிறவர், பழைய துப்பாக்கிகளுக்கு மதிப்பும் போடுகிறவர். மண்ணாங்கட்டியின் மகள் என்றதும் துப்பாக்கி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டார். பிறகு தானே நேரில் வருவதாகவும், அதுவரை பொருள் உள்ளபடியே இருக்கட்டும் என்றும் சொன்னார்.

உள்ளபடியே! அதை எப்படித் தேவநாதனால் தாங்க முடியும்? கஸ்டமர் ஆடிட் வருகிறது என்றால் ஒரு வாரம் முன்பே தரைக்குப் பெயிண்ட் அடித்து, கசிகிற மெஷினுக்கெல்லாம் சீல் மாற்றி, என்ஜி பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாமல் நகர்த்தி வைக்கிற இடத்தில் வேலை பார்ப்பவன் அவன். மதிப்புப் போட வருகிறவர் முன்னால் ஓடாத பொருளை நீட்டினால் என்ன விலை சொல்வார்? இரண்டு வாராந்திர விடுமுறை நாட்களில், ஜெயத்திடம்கூடச் சொல்லாமல், வல்லத்தில் ஒரு சிநேகிதனின் லேத் பட்டறைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

பிரித்துப் பார்த்தவனுக்குக் கோபம் வந்தது. லிவர் ஏறி இறங்கும் இடத்தில் எவனோ கத்துக்குட்டி வெல்டிங்கை அள்ளி அப்பியிருந்தான். தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசியை மழுங்கத் தேய்த்திருந்தான். பக்கத்தில் வட்டமாக ஏதோ குத்திய அடையாளம் வேறு. தேவநாதன் வெல்டிங்கைத் தேய்த்து எடுத்தான், வட்டத்தையும் சேர்த்துப் பாலீஷ் போட்டான், புது ஊசி கடைந்து மாட்டினான். லிவர் ஒரே இழுப்பில் இறங்கி ஏறியது. நம்பிராஜன் வருவதற்கு முந்தின நாள் அதை ஜெயத்திடம் காட்டியபோது அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தான். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

நம்பிராஜன் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நரைத்த மீசை, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. கொடுத்த காபியைத் தொடாமல் கட்டிலருகே போய்க் குனிந்தார். குழாயில் செதுக்கியிருந்த கம்பெனிப் பெயரையும் பூவேலையையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வெல்டிங் இருந்த இடத்தை விரலால் தடவினார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மறுபடி தடவினார்.

"இதுல யாரு கை வச்சது?"

"நான்தான் சார்" என்றான் தேவநாதன், நெஞ்சை நிமிர்த்தி. "என்ஜியா கெடந்துச்சு. ரீவொர்க் பண்ணி ஓகே ஆக்கிட்டேன்."

நம்பிராஜன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு தேவநாதனை விட்டுவிட்டு ஜெயத்தைப் பார்த்துப் பேசினார். மூன்று வருஷம் முன்பு இதை விலைக்குக் கேட்டு அவரே மண்ணாங்கட்டியின் வீட்டுக்கு வந்திருக்கிறார். மண்ணாங்கட்டி இனி வாழ்நாளில் பார்க்க முடியாத பெரிய தொகை தருவதாக நம்பிராஜன் சொன்னாராம். கிழவர் அசைந்து கொடுக்கவில்லை.

"எம் பொண்ணுதான் இதுக்குப் பொட்டு வச்சு வளந்தவ, எனக்கு அப்புறம் அவகிட்டதான் இருக்கணும்னு சொன்னாரும்மா. ஆனா லைசென்ஸு, ஸ்டேஷனுன்னு அவ ஒருநாளும் அலையக் கூடாது, என்ன செய்யலாம்னு கேட்டாரு. நான்தான் வழி சொன்னேன். இனி எந்தக் காலத்துலயும் சுடாதுன்னு ஆயிட்டா சட்டத்துக்கு அது துப்பாக்கி இல்ல, பழம்பொருள். யாரும் வீட்டுல வச்சுக்கிடலாம்."

மண்ணாங்கட்டி தன் லைசென்ஸை ஒப்படைத்திருக்கிறார். ஆயுதம் செப்பனிடும் ஆளிடம் கொண்டுபோய் வெல்டிங் வைத்து வாயை அடைத்து, செயலற்றது என்று வட்ட முத்திரையும் குத்தி வாங்கியிருக்கிறார். வெல்டிங் வைக்கும்போது பார்க்க முடியாமல் தெருவில் போய் நின்றுகொண்டாராம். பெரிய விலை பெறுகிற சாமானை வெறும் இரும்பாக்கி எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாராம்.

ஜெயம் சுவரில் சாய்ந்து நின்றாள். கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது, துடைக்கவில்லை.

"எனக்கோசரம்தான் என்ஜி ஆக்கினாரு" என்றாள்.

தேவநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி வெல்டிங் வைத்துவிடுகிறேன், ஊசியை உருவிவிடுகிறேன், இன்றைக்கே செய்துவிடுகிறேன் என்று படபடத்தான். நம்பிராஜன் கையமர்த்தினார். "வெல்டிங் வப்பீங்க தம்பி. அந்த முத்திரைய எங்க போயி வாங்குவீங்க? இப்ப இது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. நான் விலை போடவும் முடியாது, தூக்கிட்டுப் போகவும் முடியாது."

இன்றைக்கே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் நல்லது என்றார். மறைத்தால் பெரிய வம்பு. தானும் வந்து நடந்ததைச் சொல்வதாகச் சொன்னார். ஆனால் யார் பெயரில் எழுதுகிறார்களோ அவர்களிடம்தான் கேள்வி வரும், கேஸ் ஆனாலும் ஆகும், அதை யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நாசம் பண்ணியது தேவநாதன், கேஸும் அவனுக்குத்தான். துப்பாக்கி என்னுடையது, நான்தான் சரிசெய்தேன் என்று சொல்லிவிடுவதாக ஜெயத்திடம் சொன்னான். அவள் துப்பாக்கியைப் போர்வையில் சுற்ற ஆரம்பித்தாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொருளை ஓட வைத்ததற்காக அவன் தன் கைகளையே வெறுத்தான்.

நம்பிராஜனின் காரில் போனார்கள். போர்வை சுற்றிய துப்பாக்கி ஜெயத்தின் மடியில் இருந்தது. முன்னால் ஒரு கம்பெனி பஸ் வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. தேவநாதன் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டே வந்தான். ஜெயம் போர்வைக்குள் கையை விட்டு, குழாயைத் தடவிக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் இருந்த ஏட்டு, போர்வை விலகியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டார். நம்பிராஜன் தன் அடையாள அட்டையைக் காட்டி, விவரத்தைப் பொறுமையாகச் சொன்னார். ஏட்டு முழுவதையும் கேட்டுவிட்டு, ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

"சரி, யாருது இது?"

தேவநாதன் வாயைத் திறந்தான்.

"என்னுது சார்" என்றாள் ஜெயம். "எங்கப்பா எனக்குக் குடுத்தது."

தேவநாதன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். உன் பேரில் எழுதினால் பின்னால் கஷ்டம், தெரிந்துதான் சொல்கிறாயா என்று ஏட்டே கேட்டார். எழுதச் சொன்னாள். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, புருஷன் பேரு என்ன என்றார்.

"அப்பா பேரைப் போடுங்க சார்" என்றாள். "மண்ணாங்கட்டி."