பதினெட்டு மணி நேர வருஷம்

வாசுகிக்கு வாய் நீளம் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த வாயை அவள் மாதக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தாள். பக்தியா, பயமா? இரண்டும் இல்லை. வீடு.

அந்த எஸ்டேட்டின் சட்டம் அப்படி. வீட்டில் ஒருத்தராவது பெர்மனென்ட் வேலையில் இருந்தால்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசையில், ஒரு வீடு. அம்மா சுப்பம்மா சிலோனிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து, இந்த மலையிலேயே தேயிலைக் கொழுந்து பறித்துக் கிழவியானவள். பங்குனியோடு அவளுக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் வாசுகி பெர்மனென்ட் ஆகாவிட்டால் அம்மாவும் மகளும் தெருவில்தான்.

ஆவதற்கு என்ன கஷ்டம்? நடுவில் விடாமல் ஒரு வருஷம் வேலை செய்தால் போதும். ஆனால் வருஷம் முடியப்போகிற நேரம் பார்த்து, "நாளையிலிருந்து உனக்குப் பிரேக்" என்பார்கள். கொஞ்ச நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கேட்டால் தேயிலைக்கு விலை இல்லையாம். விலை இருந்த காலத்தில் மட்டும் என்னத்தைக் கிழித்தார்களாம்! வாசுகிக்குக் கல்யாணமாகி, புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கியும்விட்டான். அவளுடைய அந்த ஒரு வருஷம் மட்டும் முடிந்தபாடில்லை.

2014-இல் விலை மறுபடி படுத்தபோது மேனேஜரே அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். பெரியவர்கள் இன்னும் துரை என்றுதான் அவரைச் சொல்வார்கள். "வாயை மூடிட்டு வேலையைப் பாரு வாசுகி. இந்தத் தடவை பிரேக் இல்லை." அன்றைக்குப் போட்டாள் பூட்டு. எடை போடுகிற இடத்தில் கொழுந்தின் எடையைக் குறைத்து எழுதினாலும் பேசவில்லை. சூப்பர்வைசர் ஏசினாலும் பேசவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட்டில் அறிவியல் கூட்டம் நடந்தது. தொழிலாளிக்கு அறிவு வளர்க்கிறோம் என்று போட்டோ எடுத்து அனுப்பினால் வெளிநாட்டில் ஏதோ சர்ட்டிபிகேட் தருவார்களாம். கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைமடுவத்தில், ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கி, சுவரில் படம் காட்டினார்கள். ஊட்டியிலிருந்து வந்திருந்த வாத்தியார் தினகரன் நல்ல மனுஷர். டீயும் பன்னும் உண்டு என்பதால் கூட்டத்துக்கும் குறைவில்லை. துரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

சுவரில் ஒரு சிவப்பு உருண்டை எரிந்தது. "இது ரொம்ப தூரத்துல வேறொரு நட்சத்திரத்தைச் சுத்துற ஒரு கோளுங்க. நம்ம பூமியைவிட ரெண்டு மடங்கு பெருசு. அடுப்புக்குள்ளயே வெச்ச மாதிரி அவ்வளவு கிட்டத்துல சுத்துது, அங்க கல்லே உருகி ஓடும். எப்பவும் ஒரே மூஞ்சியத்தான் நட்சத்திரத்துக்குக் காட்டும். அந்தப் பக்கம் எப்பவும் பகல், இந்தப் பக்கம் எப்பவும் இருட்டு. அங்க நின்னா எல்லாமே இங்கத்தவிட ரெட்டிப்புக் கனம் கனக்கும்."

"அப்படிங்களா? அப்ப நம்ம கூடையும் ரெட்டிப்பு எடை காட்டுமுங்களா?" என்று மூக்கம்மா கேட்டாள். மடுவமே சிரித்தது. துரையும் சிரித்தார்.

"முக்கியமான விஷயம் இதுதானுங்க. நட்சத்திரத்தை ஒரு தடவை சுத்தி வந்தா அது ஒரு வருஷம். அங்க ஒரு வருஷம் பதினெட்டு மணி நேரத்துல முடிஞ்சிரும்!"

வாசுகி எங்கோ போய்விட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அவள் நெஞ்சில் எஸ்டேட் இல்லை, பிரேக் இல்லை, துரை இல்லை. விடியாத, இருட்டாத அந்த நெருப்புக் கரையில் தான் ஒருத்தி மட்டும் நிற்பதுபோல் இருந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மூளைக்குள் ஏதோ சொடுக்கியது, எழுந்துவிட்டாள்.

"சார், அங்க விடியறதும் இல்ல, பொழுது சாயறதும் இல்லைங்கறீங்க. அப்ப வருசம் முடிஞ்சுதா இல்லையான்னு எப்படீங்க தெரியும்? யாரு சொல்றது?"

பின்னாலிருந்து கணேசன், பெர்மனென்ட் ஆள், அவனுக்கென்ன பயம், குரல் கொடுத்தான்: "தொரைதான் சொல்லணும்!"

விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. வாத்தியார் உற்சாகமாக ஏதோ பதில் சொன்னார். அந்தச் சிரிப்பில் அது வாசுகியின் காதில் விழவில்லை. துரை மட்டும் திரும்பி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குத் துரையே வந்தார். பக்கத்து அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியின் சங்கு ஊதி ஓயும்வரை காத்திருந்தார்.

"வாசுகி, நேத்து அருமையான கேள்வி. இவ்வளவு அறிவு உள்ளவங்களைக் கூடை சுமக்க வெச்சா எனக்குத்தான் பாவம். வீட்டுல ரெஸ்ட் எடுங்க. வருஷம் முடிஞ்சுதா இல்லையான்னு நானே சொல்லி அனுப்பறேன்."

"ஐயோ சார், நான் அந்தக் கோளைப் பத்தித்தானுங்க கேட்டேன்!"

"நானும் அதைப் பத்தித்தான் சொல்றேன்," என்றுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்கு முழுக்க வாசுகிதான் லயத்து வீராங்கனை. "துரை மூஞ்சியில கரியப் பூசிட்டியே தாயி!" என்று மூக்கம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கணேசன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"கணேசண்ணா, நெசமா நான் அந்தக் கோளைத்தான்..."

அவன் கண்ணடித்தான். "இதையே சொல்லு புள்ள. போலீஸ் வந்து கேட்டாலும் இதையே சொல்லு. பலே கெட்டிக்காரி நீ!"

அவளுக்கு அழுகை முட்டியது. அவன் பல்லை உடைக்கலாம் போலவும் இருந்தது. தனக்கென்று ஒரே ஒரு நிமிஷம் எதையோ யோசித்தாளே, அதையும் பிடுங்கிக் கொடி கட்டிவிட்டார்களே, நாசமாய்ப் போகிறவர்கள்!

பங்குனி வந்தது. துரை ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி சூப்பர்வைசர்தான் வந்தான். அது வரைக்கும் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்த சுப்பம்மா, பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நெசத்தச் சொல்லு வாசு. தொரைய இடிச்சுத்தானே அன்னைக்குக் கேட்ட?"

வாசுகி அம்மாவைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப்போன விரல்கள் சாக்கின் வாயைப் பிடித்தபடி நின்றுவிட்டிருந்தன.

"ஆமாம்மா. இடிச்சுத்தான் கேட்டேன்."

சுப்பம்மா பெருமூச்சு விட்டாள். முகம் தெளிந்துவிட்டது.

"அப்பச் சரி. எங்க, நெசமாவே அந்த நெருப்புக் கல்ல நெனச்சுக்கிட்டு வீட்டத் தொலச்சிட்டியோன்னு நான் ராவெல்லாம் தூங்கல புள்ள."