மிதிபலகை

எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் ஆறு. ஆற்றின் நடுவே தீவுகள். அந்தத் தீவுகளில் உள்ள விடுதிகளின் படுக்கை விரிப்புகளை அம்மா துவைத்து, தேய்த்துக் கட்டுவாள். கொண்டுபோய்க் கொடுப்பது நான். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அதுதான் என் வேலை. பொதுப் படகில் மூட்டைகளோடு ஏறினால் படகுக்காரர் தினமும் ஒரே பாட்டுதான் பாடுவார்.

"மூட்டைக்கும் இடம் வேணும்னா உங்கப்பனை ஒரு கப்பல் வாங்கச் சொல்லு!"

சிரிப்பவர்கள் அத்தனை பேரும் என் மூட்டைமேல்தான் சாய்ந்திருப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாய்தான் வராது.

கடைசியில் ஒரு சின்னப் படகு வாங்குவதென்று முடிவானது. "உனக்குத்தான்டி," என்றாள் அம்மா. அதைக் கேட்டபின் ஈர விரிப்புகளைப் பிழியும்போதுகூட எனக்குக் கை வலிக்கவில்லை.

படகுப் பட்டறைக்கு அப்பா, அண்ணன், நான் மூவரும் போனோம். அண்ணன் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். ஆற்றை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. நான் ஒவ்வொரு படகாகக் குனிந்து பார்த்தேன். மூட்டை வைக்கும் இடத்தைக் கையால் அளந்து, ஒரு பச்சைப் படகைக் காட்டினேன். அப்பாவுக்கும் பிடித்தது. விலை படிந்ததும் பட்டறைக்காரர் சுத்தியலும் ஒரு பலகையுமாக வந்தார்.

"துடுப்பு போடப்போறது யாரு? உட்காரச் சொல்லுங்க. கால் அளவுக்கு மிதிபலகை அடிச்சுத் தர்றேன். கால் ஊணலைன்னா இழுக்க முடியாது, முதுகு போயிடும்."

நான் படகுக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன்.

"பையன்தான்," என்றார் அப்பா.

அண்ணன் மணமேடையில் உட்காருவதுபோல உட்கார்ந்து காலை நீட்டினான்.

"தினமும் போறது நான்," என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் என் கால்களைப் பார்த்தார். "தம்பிக்கு நெட்டைக் காலு. அங்க அடிச்சா தங்கச்சிக்கு எட்டாதே?"

"பொண்ணு படகு ஓட்டுறான்னு பலகை அடிச்சுக் குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? அடிங்க. அவ அனுசரிச்சுக்குவா."

அனுசரிச்சுக்குவா. பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தியபோதும் இதே சொல்தான். ஆணிகள் இறங்க இறங்க நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா மூட்டைகளைப் படித்துறையில் வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"நான் போகலை. யாரு காலுக்குப் பலகை அடிச்சாங்களோ அவங்க போகட்டும்."

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"மெதுவாப் பேசுடி!" என்றாள் அம்மா.

"இவ்வளவு நாளும் மெதுவாத்தான் பேசினேன். யாரு காதுல விழுந்துச்சு?"

"வாயில்லாப் பூச்சிக்கு வாய் முளைச்சிருக்கே," என்றான் அண்ணன்.

"உனக்குக் கை முளைச்சிருக்கான்னு பார்க்கலாம். போ!"

வீம்புக்காக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். படகு செக்குமாடு மாதிரி சுற்றியது. துடுப்பு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கரை சேர்ந்தபோது மூட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் நேராகக் கண்ணாடிமுன் போய் நின்று தலை வாரினான்.

"போதும் உன் கோபம். நீ போயிட்டு வா," என்றார் அப்பா.

"பலகையைப் பிடுங்கி என் காலுக்கு அடிங்க. போறேன்."

"அப்புறம் பார்க்கலாம்."

"இப்ப."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஈர மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி துவைக்கப்போவது அவள்தானே. நிமிரவில்லை.

"சுத்தியல் அலமாரிக்கு அடியில இருக்கு," என்றாள்.

அப்பா படகில் இறங்கிக் குந்தினார். நான் துடுப்பருகே உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்க்காமலே "காலை நீட்டு" என்றார். அவர் ஆணி அடித்து முடிப்பதற்குள் அம்மா காய்ந்த மூட்டைகளை ஏற்றி, கயிற்றையும் அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"இப்பத் திருப்தியா, மகாராணி?" என்றார் அப்பா.

என் இரண்டு பாதமும் பலகையில் பதிந்தன. ஒரே இழுப்பு. கரை நகர்ந்தது. அப்பா படகை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்.

"ஏய், ஏய்! என்னை இறக்கி விடுடி! சட்டைகூடப் போடலை!"

"தீவுல இறக்கி விடறேன்," என்றேன். "மூட்டை தூக்க ஆள் வேணும். அனுசரிச்சுக்குங்க."