இருக்கோம்

குளியலறைக் கதவைத் தாழ் போட்டு, குழாயைச் சொட்டு விழாமல் இறுக மூடிவிட்டு, தூண் தன் இடது காதோரமாகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தார். ஒன்றுமில்லை. வலது காதுக்குக் கொண்டுபோனார், சரசரவென்று கேட்டது. மறுபடி இடது. சும்மா சொல்லக்கூடாது, விரல்கள் தோல் உரிகிற அளவுக்கு உழைத்தன. காதுதான் மசியவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும், சளி இறங்கினால் சரியாகிவிடும் என்று மனுஷன் எத்தனை நாள்தான் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வது? நேற்று நடந்ததற்குப் பிறகு அந்தச் சமாதானமும் செல்லுபடியாகவில்லை.

தூண் என்பது நாடகக் கம்பெனி அவருக்கு வைத்த பெயர். நகரத்தின் பெரிய அரங்கம் ஒன்றில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் இசை நாடகத்தில் அவர் கோரஸ் ஆள். முதல் பாட்டில் சந்தை வியாபாரி, அடுத்ததில் படைவீரன், இடைவேளைக்குப் பிறகு மந்திரிகளில் ஒருத்தர், ஒரு பாட்டுக்கு மரம்கூட. மரமாக நின்றபடி ஆடவும் வேண்டும், பாடவும் வேண்டும். பார்க்க வருகிற ஜனங்களுக்கு அவர் முகம் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த நாடகத்தில் அவரில்லாமல் நடக்காத காரியம் ஒன்று உண்டு. இடைவேளைக்குச் சற்று முன்னால், கோட்டைச் சுவரின் உச்சியில் நின்று பாடி முடிக்கும் மகாராணி, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து விழுவாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். சுவருக்குப் பின்னால் இருட்டில், தூணும் இன்னொரு ஆளும் எதிரெதிராக நின்று, முகத்தை மட்டும் மேலே அவள் பக்கம் திருப்பியபடி, கையோடு கை கோத்து அவளை ஏந்திக்கொள்வார்கள். இத்தனை வருஷத்தில் மகாராணிகள் மாறினார்கள். தூண் மாறவில்லை, யாரையும் தவற விட்டதுமில்லை.

"உள்ள என்ன பண்றீங்க? தண்ணிச் சத்தத்தையே காணோம்," என்று மனைவி கதவைத் தட்டினாள். அவர் அவசரமாகக் குழாயைத் திறந்துவிட்டார்.

இருவரும் ஒன்றாகத்தான் கிளம்பினார்கள். அவளுக்கு மருந்துக் கடையில் வேலை, பஸ் நிறுத்தம் வரை ஒரே வழி. படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் அவர் சுற்றிக்கொண்டு அவளுடைய இடது பக்கம் வந்து சேர்ந்தார். அப்போதுதான் அவள் பேச்சு வலது காதில் விழும். அவள் நடையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"நானும் ரொம்ப நாளா பாக்கறேன். எந்தப் பக்கம் நான் நடந்தாலும் நீங்க ஒரு சுத்து சுத்தி இந்தப் பக்கமே வந்துடறீங்க. என்ன, கோயில் பிரகாரமா நான்?"

"வெயில் அந்தப் பக்கம்."

"வெயிலே இல்ல," என்றாள் அவள். அதற்கு மேல் நோண்டவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் மட்டும், "ராத்திரி தூக்கத்துல 'இருக்கோம் இருக்கோம்'னு சொல்லிட்டே இருந்தீங்க. யாருக்குப் பதில் சொல்றீங்கன்னு தெரியல. எனக்குப் பயமா இருந்தது," என்றாள். அவர் சிரித்து மழுப்பினார். பஸ் போனதும் நிறுத்தத்தின் பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த 'இருக்கோம்'தான் விஷயமே. விழுவதற்கு முன்னால் மகாராணி திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் ஜனங்களுக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் கம்பெனியில் ஒரு வழக்கம். அவள் கடைசி வரியைப் பாடி முடித்ததும் ஒலிக்காரர் அவளுடைய மைக்கை மூடிவிடுவார். அவள் உதடு அசையாமல், "இருக்கீங்களா?" என்று கேட்பாள். கீழே தூணின் இடது கைப்பக்கம் நிற்கிற ஆள் வந்து கை கோத்து, "வந்துட்டேன்" என்று தூணிடம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் தூண், இரண்டு பேருக்கும் சேர்த்து, "இருக்கோம்" என்று மேலே குரல் கொடுப்பார். அந்தச் சொல் வந்தால் அவள் விழுவாள். வராவிட்டால் விழ மாட்டாள், நின்றபடி விளக்கணைந்துவிடும், நாடகம் பாட்டுக்கு நடக்கும். முரசும் எக்காளமும் நாற்பது தொண்டையும் சேர்ந்து கூரையைப் பிய்க்கிற நேரம் அது. இடது காது போனதிலிருந்து 'வந்துட்டேன்' அவருக்குக் கேட்பதில்லை. கை வந்து மேலே பட்டதும் ஆள் வந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்வார். அதுவே பழகிப் போயிற்று. யாருக்கும் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொண்டிருந்தார்.

நேற்று ஒரு கை பட்டது. அவர் "இருக்கோம்" என்றார். பட்டது ஒட்டகத்தின் கையல்ல, ஈட்டியோடு குறுக்கே ஓடிய படைவீரன் ஒருவனின் தோள்பட்டைக் கவசம். ஒட்டகம் என்பது எதிரில் நிற்கிற நெட்டை ஆளின் பெயர். அவன் அப்போது இன்னும் திரைக்குப் பக்கத்தில், கயிற்றில் மாட்டிக்கொண்ட இடுப்புவாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மகாராணி விழுந்துவிட்டாள். எதிரே கை இல்லை என்று தூணுக்கு உறைப்பதற்குள் அவள் காற்றில் இருந்தாள். எப்படிப் பிடித்தார் என்று இப்போது கேட்டாலும் தெரியாது. நெஞ்சைக் கொடுத்தார், தோளைக் கொடுத்தார், இரண்டு பேருமாக உருண்டார்கள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவருக்குத் தோளில் சுளுக்கு. அவள் தலை சுவரைத் தாங்கும் இரும்புக் காலுக்கு ஒரு சாண் இப்பால் தரையைத் தொட்டது. அந்த ஒரு சாணை நினைத்து நினைத்துத்தான் அவர் ராத்திரி முழுக்கச் செத்துப் பிழைத்தார்.

கொடுமை அதோடு நிற்கவில்லை. திரை விழுந்ததும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கை தட்டினார்கள். "ஒத்தை ஆளா பிடிச்சாரே மனுஷன், சும்மாவா தூணுன்னு பேரு வெச்சோம்" என்று ஒப்பனைக்காரர் கட்டிப் பிடித்தார். மேடையை நிர்வகிக்கும் மேனேஜரம்மா, யாரையும் லேசில் பாராட்டாதவர், அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. தூண் சுளுக்கிய தோளைத் தேய்த்துக்கொண்டே அத்தனையையும் வாங்கிக்கொண்டார். ஒட்டகம் மட்டும் ஒரு மூலையில், வாரைக் கையில் வைத்துக்கொண்டு, அழாத குறையாக நின்றிருந்தான்.

பலகையிலிருந்து எழுந்து, அரங்கத்தின் பின்வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது ஒட்டகம் வாசற்படியிலேயே காத்திருந்தான்.

"அண்ணா, மன்னிச்சிடுங்க. நான் 'பொறுங்க பொறுங்க'ன்னு சொன்னேன். தொண்டை எழும்பல போலிருக்கு. நீங்க மட்டும் இல்லேன்னா..." வாசற்கதவை அவருக்காகத் திறந்து பிடித்தான். "என்னை அந்த இடத்துலேர்ந்து எடுத்துட்டாங்க. இனிமே கொடி பிடிக்கச் சொல்லிட்டாங்க. சரிதான். அது சரிதான் அண்ணா."

தொண்டை எழும்பவில்லையாம். அவன் தொண்டைக்கு என்ன கேடு, கடைசி வரிசை ஆளின் தூக்கத்தையும் கலைக்கிற தொண்டை. தூண் அவன் தோளில் தட்டினார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடுங்கியது. சொன்னால் என்ன ஆகும் என்பதை இன்னொன்று வரிசையாக எடுத்து வைத்தது. காது கேட்காதவனை மேடையில் யார் ஏற்றுவார்கள்? இந்த வயதில் இன்னொரு கம்பெனிக்குத் தேர்வுக்குப் போய், மகன் வயது ஆட்களோடு வரிசையில் நின்று, பியானோவுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று இடம் தேட வேண்டும். பாட்டையும் ஆட்டத்தையும் தவிர அவருக்கு வேறு ஒரு மண்ணும் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற வேலைக்குக்கூட, எதிரில் இருக்கிறவர் கேட்பது காதில் விழ வேண்டும்.

உடை மாற்றும் அறையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துக்கொண்டிருந்தபோது மகாராணி வந்தாள். நாடகத்தில்தான் மகாராணி, நேரில் ஒட்டுப்போட்ட ஜீன்ஸும் கலைந்த கொண்டையுமாக, கையில் இரண்டு காகிதக் கோப்பையில் காபியோடு வருகிற சின்னப் பெண். முழங்கையில் பிளாஸ்திரி. ஒரு கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"அம்மா கிட்ட நேத்து நடந்ததைச் சொன்னேன் அண்ணா. இனிமே விழாதேன்னு ஒரே அழுகை. கீழே அண்ணா இருக்கார்மா, அவர் குரல் கேட்டா கிணத்துல கூட கண்ணை மூடிக்கிட்டு விழுவேன்னு சொல்லிட்டேன்."

காபிக் கோப்பை அவர் கையில் சாய்ந்தது. தோள் சுளுக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, கோப்பையின் அடியில் தன் கையை வைத்துத் தாங்கினாள். தூண் அந்தப் பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். மெல்லிய கழுத்து, பாடும்போது அதில் ஒரு நரம்பு எழுந்து நிற்கும். ஒரு சாண். ஒரே ஒரு சாண்.

பகல் காட்சிக்கு முன்னால் வழக்கமான விழும் ஒத்திகைக்கு மேனேஜரம்மா கூப்பிட்டார். எத்தனை வருஷம் ஓடினாலும், ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் விழுகிறவரும் பிடிக்கிறவரும் ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும். அதில் அந்தம்மா கறார். வேலை விளக்கு மட்டும் எரிந்தது. நாற்காலிகள் காலியாக இருந்தன. மேடைக்கு முன்னாலுள்ள வாத்தியப் பள்ளத்தில் முரசுக்காரர் தோலை முடுக்கிக்கொண்டிருந்தார். ஒட்டகத்தின் இடத்தில் ஒரு புது ஆள், குட்டையான, திடமான ஆள், ஆர்வத்தோடு கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பக்கத் திரையோரமாகக் கொடிக் கம்பத்தோடு ஒட்டகம் நின்றிருந்தான்.

"நான் அந்தப் பக்கம் மாறி நிக்கலாமா?" என்று தூண் கேட்டார். கடைசியாகக் கையில் கிடைத்த துரும்பு அது. இடம் மாறினால் புது ஆள் வலது காதுப் பக்கம் வந்துவிடுவான். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.

"எதுக்கு? அந்தப் பக்கம் சுவரோட கால் இருக்கு. சுளுக்குத் தோளை வெச்சுக்கிட்டு அங்க குனிய முடியாது," என்றார் மேனேஜரம்மா. பிறகு புது ஆளிடம் திரும்பி, "உனக்கு ஒரே விஷயம்தான். நீ ரெடின்னா அவர்கிட்ட வாய்விட்டுச் சொல்லு. ரெடி இல்லேன்னாலும் வாய்விட்டுச் சொல்லு. மத்ததை அவர் பாத்துப்பார்," என்றார். புது ஆள் தலையை ஆட்டினான்.

மகாராணி ஏணியில் ஏறினாள். சுவரின் உச்சியில் போய், காலி நாற்காலிகளைப் பார்த்தபடி, இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டாள். முரசுக்காரர் தற்செயலாகவோ, உதவியாக இருக்கட்டுமென்றோ, அந்த இடத்து அடியை வாசிக்க ஆரம்பித்தார். தரை அதிர்ந்தது. புது ஆளின் முன்கைகள் வந்து தூணின் முன்கைகளை இறுகப் பற்றின. அவன் வாய் அசைந்தது. வந்துட்டேன் என்கிறானா, பொறுங்க என்கிறானா? இந்த வெளிச்சத்தில் வாயையாவது பார்க்க முடிகிறது. இன்னும் சற்று நேரத்தில் அதுவும் இருட்டிவிடும்.

"இருக்கீங்களா?" என்று மேலேயிருந்து வந்தது. வலது காதில் தெளிவாக விழுந்தது.

பிடிப்பு சரியாகத்தான் இருக்கிறது. ஒரு சொல் சொன்னால் இந்த ஒத்திகை முடிந்துவிடும். பகல் காட்சி முடிந்துவிடும், சாயங்காலக் காட்சியும் முடிந்துவிடலாம். நாளைக்கு? அவருக்குப் பயமாக இருந்தது. சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். இரண்டு பயத்தில் எது பெரிது என்று பார்க்கக்கூட அவகாசமில்லை, மேலே ஒரு பெண் அவர் குரலுக்காக நின்றுகொண்டிருந்தாள். சொல் வராததால், வழக்கப்படி, அசையாமல் நின்றாள்.

"பொறுங்க," என்று மேனேஜரம்மா கையைத் தூக்கினார். முரசு நின்றது.

"எனக்கு இடது காது கேக்கறதில்ல," என்றார் தூண். தன் குரல் இவ்வளவு சின்னதாக அந்த மேடையில் ஒலித்து அவர் கேட்டதே கிடையாது. "ரொம்ப நாளா. நேத்து ஒட்டகம் பொறுங்கன்னு சொன்னது எனக்குக் கேக்கல. அவன் மேல தப்பில்ல. அவன் வர்றதுக்கு முன்னால நான்தான் இருக்கோம்னு சொன்னேன். நான் மட்டும்தான் இருந்தேன்."

யாரும் பேசவில்லை. அல்லது இடது பக்கத்திலிருந்து யாராவது பேசியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. திரும்பினால் ஒட்டகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். கொடிக் கம்பம் தரையில் வைக்கப்படுவது மட்டும் பாதத்துக்குத் தெரிந்தது. புது ஆள் கைகளை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றான்.

மேலே மகாராணி கைக் கட்டை அவிழ்த்தாள். மெல்லத் திரும்பினாள். இத்தனை காட்சிகளில் அந்த உச்சியிலிருந்து அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கீழே நிற்கிறவர்கள் அங்கிருந்து எப்படித் தெரிவார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கால்கள் இந்தப் பக்கமாகத் தொங்கின. ஒரு செருப்பின் வார் அவிழ்ந்திருந்தது. சுவரின் இரும்புக் காலைப் பார்த்தாள். பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டாள். அப்புறம் அவரைப் பார்த்தாள், வெகுநேரம்.

"இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் கைகள் இன்னும் நீட்டியபடியேதான் இருந்தன.