கூப்பிட ஒரு சாக்கு

மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பவர் நர்ஸைக் கூப்பிட அழுத்தும் பொத்தான் இருக்கிறதே, அதை வடிவமைப்பதுதான் என் பிழைப்பு. வருடக்கணக்காக இதையே செய்து சலித்துவிட்டது. எல்லா ஆஸ்பத்திரியிலிருந்தும் ஒரே புகார்தான் வரும். நோயாளிகள் அழுத்துவதில்லை, தாங்களாக எழுந்து போய் விழுந்து வைக்கிறார்கள் என்று. உடனே எங்கள் மேனேஜர் கூட்டம் போடுவார். பொத்தானைப் பெரிதாக்கு என்பார், பெரிதாக்குவோம். நிறத்தை மாற்று என்பார், மாற்றுவோம். அதற்குப் பிறகும் விழுவார்கள். மறுபடியும் கூட்டம்.

இந்த லட்சணத்தில் என் அக்கா இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்து ஆளாக்கியவள் அவள். தபால் நிலையக் கவுன்டரில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் முத்திரை குத்தியே அவளுக்கு வயதாகிவிட்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். எலும்பு கூடும்வரை தனியாகக் காலை ஊன்றக் கூடாது, இன்னொரு முறை விழுந்தால் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான். அக்கா நன்றாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்த முதல் வாரமே தானாகக் குளியலறைக்குக் கிளம்பி, கதவருகில் சரிந்தாள். என் மனைவி ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்ததால் தப்பித்தாள். பிடித்தவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

மனைவி வீட்டுக் கூடத்திலேயே மெஷின் போட்டுக் கடைகளுக்குத் திரைச்சீலை தைக்கிறாள். அன்று சாயங்காலம் முதுகில் தைலத்தைத் தேய்த்தபடி சொன்னாள்.

"எனக்கு ரெண்டு கைதாங்க இருக்கு. இன்னொரு தடவை விழுந்தா என்னால தூக்க முடியாது. பராமரிப்பு இல்லத்துல சேர்த்துடலாம். நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நாள் முழுக்க ஆபீஸில் இருப்பவன் நான், என்ன பேச முடியும்? ஆனால் எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாளே எங்கள் கம்பெனியின் புது மாடலைக் கொண்டுவந்து பொருத்தினேன். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். லேசாகத் தொட்டால் போதும், கூடத்தில் மணி அடிக்கும். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினாள். மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்க விடவில்லை. "புதுசுடா, அழுக்காயிடும்" என்றாள். அதோடு சரி. மணி அடிக்கவே இல்லை. மனைவி தையலுக்கு நடுவே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு எழப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஏன்க்கா அழுத்தல?"

"அவ வேலையா இருந்தாடா."

"வேலையா இருக்கிறவளைக் கூப்பிடத்தானே இது இருக்கு?"

"மணியடிச்சுக் கூப்பிட அவ என்ன எனக்கு வேலைக்காரியா? போடா, போய் உன் வேலையைப் பாரு."

மணிச் சத்தத்தை மென்மையாக்கினேன். மணியே வேண்டாம் என்று விளக்கு எரிகிற மாதிரி மாற்றினேன். விளக்கும் எரியவில்லை. மறுபடி மணியையே வைத்தேன். மேனேஜர் ஆபீஸில் என்ன செய்வாரோ அதையேதான் நான் வீட்டில் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு விடுமுறை நாளில் திடீரென்று மணி அடித்தது. நானும் மனைவியும் விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம்.

"அடுப்புல பால் தீயுது, மூக்குல என்ன வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?" என்றாள் அக்கா.

உண்மைதான், பால் அடிப்பிடித்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் அக்காவின் முகம் வெளிறிக் கிடக்கிறது. குளியலறைக்குப் போக வேண்டும் என்று காலையிலிருந்து அடக்கிக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். பாலுக்குக் கொடுத்த மதிப்பைக்கூட அவள் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு கெட்டிக்காரத்தனமும் உடன் வந்தது.

"அக்கா, ஒரு உதவி பண்ணுவியா?"

"என்னடா கேள்வி? சொல்லு."

"இந்தப் பொத்தான் சோதனைல இருக்கு. கட்டில்ல இருக்கிற ஒருத்தங்க, எழுந்திருக்கத் தோணும்போதெல்லாம் அழுத்தணும். ஆபீஸ்ல கணக்குப் பார்க்கிறாங்க. யாருமே அழுத்தலைன்னா மாடலைத் தூக்கிடுவாங்க. என்னையும் சேர்த்து."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, இதை முதல்லயே சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?" என்று பிளாஸ்டிக் தாளைச் சரக்கென்று கிழித்து எறிந்தாள்.

அதன்பிறகு மணி அடித்தது. குளியலறைக்கு அடித்தது, தண்ணீருக்கு அடித்தது, தலையணை நழுவினால் அடித்தது. அக்கா தரையில் தனியாகக் கால் வைக்கவே இல்லை. நான் ஆபீஸிலிருந்து வந்ததும், "இன்னைக்குக் கணக்கு ஏறுச்சாடா?" என்று கேட்பாள். ஏறியது என்றால் முகம் மலர்ந்துவிடும். இத்தனை வருட வேலையில் என் பொத்தானை இவ்வளவு ஆசையாக யாரும் அழுத்தியதில்லை.

ஆசை அளவு மீறியது. சும்மாவும் அழுத்த ஆரம்பித்தாள். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு ஓடுவாள். "ஒண்ணுமில்லம்மா, தம்பிக்குக் கணக்கு ஏறட்டும்னு" என்று சிரிப்பாள் அக்கா. மனைவியும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவாள். எழுந்து எழுந்து தைத்ததில் மடிப்புகள் கோணிக்கொண்டன. கடைக்காரர் ஒரு கட்டுத் திரைச்சீலையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"பொய் சொன்னது நீங்க, ஓடுறது நான்" என்று வீங்கிய காலை நீட்டிக் காட்டினாள் மனைவி. "ஏதாவது பண்ணுங்க. எனக்கு முடியல."

எனக்கும் முடியவில்லை. அக்காவிடம் போய், சோதனை முடிந்துவிட்டது, மாடல் பாஸ், இனிமேல் நிஜமாகவே தேவைப்பட்டால் மட்டும் அழுத்து என்றேன்.

"உன் வேலைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

"அப்பாடா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. இதையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு அந்த இடத்தில் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் ஆபீஸுக்குப் போன் வந்தது. கூட்டத்தில் இருந்தேன். மனைவி "உடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரை வாசல் வழியாக நுழைக்கத் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். பொத்தான் கழுத்தில் தொங்கி நெஞ்சின் மேலேயே கிடந்தது.

"ஏன்க்கா அழுத்தல?" என்று கத்தினேன். எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

"அதான் சோதனை முடிஞ்சுபோச்சேடா" என்றாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "நீ மெஷின்ல இருந்தியாம்மா, சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நிறுத்தினதும் கூப்பிடலாம்னு இருந்தேன்" என்றாள்.

திரும்பி வந்த கட்டைப் பிரித்துத் தைப்பதற்காக, மனைவி அன்று காலையிலிருந்து மெஷினை நிறுத்தவே இல்லை. மணி அடிக்காததால் அக்கா தூங்குகிறாள் என்று நினைத்திருக்கிறாள். சாப்பாடு கொடுக்கப் போனபோதுதான் பார்த்தாள். "ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா அண்ணி?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் முன்பே சொன்னதைத்தான் மறுபடி சொன்னார். இனி நடக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்காவின் தலைமாட்டில் எங்கள் கம்பெனியின் பழைய மாடல் பொத்தான் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னை அந்த இல்லத்துலயே விட்டுடுங்கடா" என்றாள். "அங்க சம்பளத்துக்கு ஆள் இருக்காங்க. கூப்பிட்டா தப்பில்ல."

இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத இடம். சுத்தமான படுக்கைகள், நல்ல வெளிச்சம், ஒவ்வொரு கட்டிலிலும் எங்கள் பொத்தான். கட்டிலெல்லாம் நிரம்பியிருந்தது, ஆனாலும் நான் நின்ற நேரமெல்லாம் ஒரு மணிகூட அடிக்கவில்லை. கூட வந்த பொறுப்பாளர் அம்மா பெருமையோடு சொன்னார்: "எங்ககிட்ட இருக்கிறவங்க எல்லாம் தங்கமானவங்க சார். கூப்பிடவே மாட்டாங்க. தொல்லையே கிடையாது."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே மனைவியிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் கையைக் கீழே போட்டாள்.

"மெஷினை அவங்க ரூமுக்குத் தூக்கிடலாம்" என்றாள்.

"உன்னால முடியுமா?"

"முடியாதுதான். ஆனா முகத்தைப் பார்த்தா எப்ப என்ன வேணும்னு எனக்குத் தெரிஞ்சுடும். அவங்க கேக்க வேண்டியதில்ல."

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் மெஷினைத் தூக்கினோம். இரும்புக் கால் வைத்த பழைய மெஷின், கனமான கனம். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். "சுவரு, சுவரு! பார்த்து!" என்று அக்கா கட்டிலிலிருந்தே அதட்டினாள். வைத்து முடித்ததும், இந்த இரைச்சலில் மனுஷி எப்படிப் படுத்திருப்பாள் என்று முணுமுணுத்தாள். மனைவி காதில் போட்டுக்கொள்ளாமல் தைக்க உட்கார்ந்தாள். நான் லீவு போட்டிருந்ததால் ஜன்னலோரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மதியம்வரை அக்கா தாங்கினாள். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, "அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தேம்மா, காது வலிக்குது" என்றாள்.

மனைவி மெஷினை நிறுத்தினாள். என்னை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டிவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்பேனை எடுத்தாள்.