இரண்டு பக்கமும் இறக்கம்

கொய்வுரந்தா ஊரிலிருந்து தேவாலயத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் பிசாசு மேடு, 2016 மே எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். ஆர்வோ தாஸ்கினெனின் மொபெட் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் இப்படி. இன்ஜின் நின்றுவிட்டால் மேடு பழையபடி மேடாகிவிடும். எங்கள் ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. பேருந்து நேரம் விசாரிப்பதுபோல ஆர்வோ எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று விசாரித்துவிட்டு சைக்கிளை எடுப்பார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்கள் வந்து வாய் பிளந்தால் எங்களுக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும். இருந்தாலும் நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று ஊர்ச் சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள். அந்த வேலை என் தலையில் விழுந்தது.

மொபெட் 1968-இல் வாங்கியது. நீல நிறம், இரண்டு கியர், பின்னால் ஆள் உட்கார ஒரு திண்டு. 1971 நடுக்கோடைத் திருநாள் அன்று, பத்தொன்பது வயது ஆர்வோ அந்தத் திண்டில் ஹில்க்காவை உட்காரவைத்து, மேட்டின் உச்சியில் இருக்கும் நடன மேடைக்குக் கூட்டிப்போனான். ஹில்க்கா அன்றைக்குத்தான் புது வெள்ளைச் செருப்பு போட்டிருந்தாள். மேட்டில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் இன்ஜினுக்கு மூச்சு முட்டியது. ஆர்வோ அவளை இறங்கித் தள்ளச் சொன்னான். அவள் தள்ளினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது, அவன் போய்விட்டான். அரை மணி நேரம் கழித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால்வரை சேறோடு அவள் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது, ஆர்வோ முகமெல்லாம் பல்லாகச் சொன்னது இது: "பார்த்தியா, ஏறிடுச்சு!" அடுத்த வருஷம் ஹில்க்கா அவனையே கல்யாணம் செய்துகொண்டாள், அது வேறு விஷயம். மொபெட்டைப் பற்றி மட்டும் ஒரு வாக்கியம் சொல்லிவைத்தாள்: "அந்த மேட்டுல நடுவுல இறக்கிவிடாம உச்சிவரைக்கும் என்னை எப்ப ஏத்துறியோ, அப்ப உட்கார்றேன்." ஹில்க்கா முப்பத்திரண்டு வருஷம் நகராட்சி அலுவலகத்தில் மனுக்களை எழுத்தெழுத்தாகப் படித்துத் திருப்பியனுப்பியவள். அவள் சொன்ன வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட அசைக்க முடியாது என்று ஊருக்கே தெரியும்.

மரம் அறுக்கும் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே ஆர்வோ விறகுக் கொட்டகைக்குள் போய் மொபெட்டை வெளியே இழுத்தான். அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஹில்க்கா பின்னால் உட்கார வேண்டும், மேடு ஏற வேண்டும். அதற்காக மூன்று குளிர்காலம் போனது. வண்டியின் சட்டம் கூடத்தில் கோட்டு மாட்டும் கொக்கியில் தொங்கியது, விருந்தாளிகள் அதன்மேல் கோட்டைப் போட்டார்கள். பெட்ரோல் டாங்கின் துருவை எடுக்க உள்ளே வினிகரும் ஒரு கைப்பிடி நட்டுகளும் போட்டு, அதை மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே தொலைக்காட்சிச் செய்தி பார்த்தான். அந்தச் சத்தத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த வீட்டுக்குப் போன எங்களுக்கு உலக நடப்பு எதுவும் காதில் விழவில்லை. கார்புரேட்டரைக் காபிப் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தான். இன்ஜின் கூட்டை ரொட்டி சுடும் அடுப்பில் வைத்துச் சூடாக்கிப் பார்த்தான். அந்த வாரம் ஹில்க்கா சுட்ட ஏலக்காய் பன் எல்லாம் கிரீஸ் வாடை அடித்தது, அவனும் அவளும் அதைப் பேசாமல் தின்று தீர்த்தார்கள். கடைசிப் பன்னை முழுங்கிவிட்டு ஹில்க்கா, "இனிமே என் அடுப்புல இன்ஜின் வேகாது" என்றாள்.

ஆனால் கூடு சூடாகாமல் பேரிங் உள்ளே இறங்காது. கூடு நன்றாகச் சூடாகி விரிய வேண்டும், பேரிங் குளிர்ந்து சுருங்க வேண்டும், அப்போதுதான் சுத்தியல் இல்லாமல் தானே விழும். பேரிங்குகள் ஏற்கெனவே ஃபிரீசரில், போன கோடையில் பறித்த பழப் பொட்டலங்களுக்கு நடுவில் கிடந்தன. சூட்டுக்கு என்ன செய்வது? சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் சௌனா, அதாவது சுட்ட கல்லில் ஆவி கிளப்பிக் குளிக்கும் அறை, எரியும். ஆர்வோ இன்ஜின் கூட்டைத் துண்டில் சுற்றி எடுத்துப்போய், சௌனாவின் மேல் பலகையில், சூடு அதிகம் இருக்கும் மூலையில் வைத்தான். தானும் உடுப்பைக் களைந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெப்பமானி நூறைக் காட்டியது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கை சும்மா இருக்குமா? பிறந்த நாளிலிருந்து பழகிய கை. அதுபாட்டுக்கு அகப்பையை எடுத்தது, சுட்ட கற்கள்மேல் தண்ணீரை ஊற்றியது. ஆவி புஸ்ஸென்று எழுந்து, ஈரமே படக்கூடாத இன்ஜினுக்குள் புகுந்தது. அடுத்தது, வியர்க்க வியர்க்க உடம்பில் அடித்துக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டு. தன் முதுகில் நாலு அடி அடித்துக்கொண்டவன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை விட்டுவிடுவது மரியாதையில்லை என்ற பழக்கத்தில் இன்ஜினுக்கும் நாலு அடி வைத்தான். ஃபிரீசரிலிருந்து எடுத்துவந்திருந்த பேரிங்குகள் தேனில் விழுந்த எறும்புபோலச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கின. கூட்டை மூடி நான்கு போல்ட்டுகளை முடுக்கினான். உடம்பு சிவக்கச் சூடேறியதும் நாங்கள் எல்லாரும் செய்வதைத்தான் அவனும் செய்தான்: கதவைத் திறந்துகொண்டு ஓடி ஏரியில் குதித்தான். கக்கத்தில் இன்ஜின் இருந்தது தண்ணீருக்குள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அவமானத்தில் யாரிடமும் சொல்லவில்லை. துடைத்து, எண்ணெய் போட்டு, வண்டியில் பூட்டினான். மே எட்டாம் தேதி காலை பெடலை ஒரே மிதி மிதித்தான், வண்டி பற்றிக்கொண்டது. பிசாசு மேட்டின் அடியில், நாற்பத்தைந்து வருஷத்துப் பயத்தோடு முதல் கியருக்கு மாற்றியபோது சாலை அவனுக்கு முன்னால் மெதுவாகத் தலை குனிந்தது. அவன் சர்ரென்று இறங்கி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தான். வண்டியைத் திருப்பினான். சாலை மறுபடியும் குனிந்தது.

ஒரு வாரத்தில் ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மொபெட்டுக்குப் பின்னால் போகிறவர்களுக்கும் இறக்கம்தான் என்று தெரிந்ததும் சைக்கிள்கள் சேர்ந்தன, தள்ளுவண்டிக் குழந்தைகள் சேர்ந்தார்கள், கைத்தடிக்குப் பதிலாகச் சக்கர வண்டி பிடித்து நடக்கும் முதியோர் இல்லத்துப் பெண்கள் எட்டுப் பேர் அந்த வண்டிகள்மேலேயே ஏறி உட்கார்ந்து கூச்சலிட்டுக்கொண்டு போனார்கள். குளிர்காலத்தில், ஒரு காலால் உந்திப் பனியில் ஓட்டும் கால்சறுக்கு வண்டிகள் முப்பத்துநாலு வரிசை கட்டின. பாதிரியார் மேலங்கி பறக்க வந்தார். மொபெட் கடக்கும்போதெல்லாம் சாலையோர வீடுகளில் கோப்பையில் காபி பதினைந்து நொடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, அதனால் முக்கால் கோப்பைக்கு மேல் ஊற்றுவதை நிறுத்தினோம். கடைக்கார ராய்லி ஆரஞ்சுகள் உருண்டோடாமல் இருக்க அலமாரிக்குக் கம்பி வைத்தாள். நகராட்சியிலிருந்து ஒரு சர்வேயர் வந்து கருவி வைத்து அளந்தார். போகும்போது நாற்பத்தொரு மீட்டர் இறக்கம், வரும்போது நாற்பத்தொரு மீட்டர் இறக்கம். அப்படியானால் ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் ஊர் எண்பத்திரண்டு மீட்டர் கீழே போயிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஏரியை எட்டிப் பார்த்தார். ஏரி இருந்த இடத்திலேயே இருந்தது. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிவிட்டு இரண்டு பன் எடுத்துக்கொண்டு போனார்.

ஒருத்தி மட்டும் உட்காரவில்லை. முதல் நாளே ஆர்வோ வண்டியை வாசலில் நிறுத்தி, திண்டைத் தட்டிக்காட்டினான்.

"வா, உட்காரு. இறங்கவே வேண்டாம். நேரா உச்சி."

"எப்படி?"

"பார்த்தியில்ல, இறக்கம்."

"இறக்கத்துல பால் கேன்கூட என்னை ஏத்திட்டுப் போகும். நான் சொன்னது மேடு."

"அதான் மேடே இல்லையே, ஹில்க்கா!"

"அது உன் பாடு."

ஊரே வந்து பேசிப்பார்த்தது. ஆர்வோவோடு ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த வெயிக்கோ, "டேய், பிசாசு மேட்டையே சாய்ச்சுட்ட, பொண்டாட்டியச் சாய்க்க முடியலையேடா" என்று கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான். ஆர்வோ சிரித்தான், ஆனால் அவனுக்கு வலித்தது. யாருக்கும் தெரியாமல் மேட்டைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். இன்ஜினைப் பிரித்து, பேரிங்குகளைக் கழற்றி, ராய்லியின் கடை ரொட்டி அடுப்பில் முறைப்படி உலர்ந்த சூட்டில் வைத்து மறுபடி பூட்டினான். இறக்கம் இன்னும் கொஞ்சம் செங்குத்தானது. பழைய பெட்ரோலை ஊற்றினான், ஸ்பார்க் பிளக்கைக் கரியாக்கினான். மொபெட் இருமியது, சாலை மட்டும் பணிவாகக் குனிந்துகொண்டே இருந்தது. மூன்று குளிர்காலம் பாடுபட்டது ஒரே ஒரு மேட்டுக்காக, அந்த மேட்டைத் தானே இல்லாமல் ஆக்கிவிட்டோமே என்று அவன் சௌனாவில் தனியாக உட்கார்ந்து அழுததை வெயிக்கோ பார்த்திருக்கிறான். அதற்குப் பிறகு வெயிக்கோ கேலி செய்யவில்லை.

ஹில்க்கா தேவாலயத்துக்கும் நடனத்துக்கும் நடந்தே போனாள். ஊர் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் கூடையோடு புறப்படுவாள். பின்னால் மொபெட் சத்தம் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி ஒரு பிர்ச் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பாள். சாலை சாயும், நாற்பது பேர் கூவிக்கொண்டு அவளைக் கடந்து சறுக்கிப் போவார்கள், சாலை நிமிரும். பாவாடையைத் தட்டிவிட்டு மறுபடி ஏறத் தொடங்குவாள். கொய்வுரந்தாவில் மேடு ஏறுகிற ஆள் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

2018 நடுக்கோடைத் திருநாள் அன்றும் அப்படித்தான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடையில் உருளைக்கிழங்கு சாலட் இருந்தது. ஆர்வோ அவளைக் கடக்கப்போகிற நேரத்தில் என்ன தோன்றியதோ, இன்ஜினை அணைத்துவிட்டான். சாலை எழுந்து நின்றது. பின்னால் நாற்பது பேரும் பிரேக்கைப் பிடித்து, ஒருவர்மேல் ஒருவர் மோதி, வந்த வழியே பின்னோக்கி நழுவ ஆரம்பித்தார்கள்.

"டேய் ஆர்வோ! ஸ்டார்ட் பண்ணுடா! எனக்கு பிரேக் இல்லடா!" வெயிக்கோவின் குரல் கீழே போய்க்கொண்டே இருந்தது.

ஆர்வோ இறங்கி, வண்டியை மரத்தடிக்கு உருட்டி வந்தான்.

"ஏறு" என்றான்.

"ஆஃப் பண்ணிட்டியே."

"அதனாலதான் ஏறச் சொல்றேன். இப்ப இது மேடு. நான் தள்றேன்."

"உனக்கு அறுபத்தேழு வயசு."

"ஆகஸ்ட்லதான் அறுபத்தேழு."

ஹில்க்கா சாலையை மேலும் கீழும் பார்த்தாள். மனுவைப் படிக்கும் முகம் அது. "யோசிச்சுப் பார்த்தா, இன்ஜின் ஏத்தணும்னு நான் சொல்லவே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூடையை மடியில் வைத்துத் திண்டில் உட்கார்ந்தாள்.

அவன் தள்ளினான். அந்த மேடு நாற்பத்தொரு மீட்டரும் மேடாகவே இருந்தது. கீழே பள்ளத்தில் குவிந்து கிடந்தவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பாதி வழியில் ஆர்வோவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்கு நீ திரும்பியே பார்க்கல" என்றாள் ஹில்க்கா, முன்னால் பார்த்தபடி.

"நின்னா இன்ஜின் அணைஞ்சிடும்னு நினைச்சேன்."

"அணைஞ்சா என்ன?"

நாற்பத்தேழு வருஷமாக அவனிடம் இதற்குப் பதில் தயாராக இருந்தது. கார்புரேட்டர், கியர், ஈரக்காற்று. ஆர்வோ நின்று மூச்சு வாங்கினான். வண்டி பின்னால் நழுவாமல் தோளைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகியிருக்காது" என்றான்.

ஹில்க்கா திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கைக்குட்டையை எடுத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். இறங்கவில்லை.

"தள்ளு" என்றாள்.

உச்சிக்குப் போக முப்பத்தெட்டு நிமிஷம் ஆனது, ராய்லி கடிகாரம் பார்த்துச் சொன்னாள். அன்று அவர்கள் இருவரும் மூன்று டாங்கோ நடனம் ஆடினார்கள், நான்காவதுக்கு ஆர்வோவால் காலை எடுத்துவைக்க முடியவில்லை. வீட்டுக்கு மொபெட்டில்தான் திரும்பினார்கள், வழியெல்லாம் இறக்கம், ஹில்க்கா முதியோர் இல்லத்துப் பெண்களைவிடச் சத்தமாகக் கூவினாள். அதன்பிறகு அவள் பின்னால் உட்காராமல் வண்டி கிளம்புவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டின் அடிக்கு வந்ததும் அவள் அவன் தோளைத் தட்டுவாள், அவன் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி இருபது அடி தள்ளுவான். நாங்கள் நாற்பது பேரும் பின்னால் காத்திருப்போம். அவனுக்கு மூச்சு சீரானதும் பெடலை மிதிப்பான், சாலை குனியும், எல்லாரும் தேவாலயத்துக்கு இறங்கிப் போவோம்.